குடும்ப டாக்டர் என்ற கட்டம்

எங்கள் வீட்டில் ஃபாரம் நிரப்புவது என் வேலை. விசா, கிரீன் கார்டு, பெண்ணின் டேகேர், அப்புறம் ஸ்கூல், அப்புறம் காலேஜ், வருமான வரி, கார் இன்ஷூரன்ஸ் எல்லாமே நான் எழுதியதுதான். என் கணவர் கையெழுத்துப் போட மட்டும் பேனாவைத் தொடுவார். கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்து போகாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், கொட்டை எழுத்தில் நிரப்பிக் கொடுப்பேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்கு மண்டை குடையும். "உன்கிட்ட ஃபாரத்தைக் குடுத்தா நட்சத்திரம், ராசி எல்லாம் சேத்து எழுதிடுவ" என்று அவர் கிண்டல் செய்வார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் ஒரே ஒரு கட்டத்தில் நான் எழுதி வைத்தது, அவருடைய காலைக் கொண்டுபோகப் பார்த்தது.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், லிவர்மோரில். அவருக்கு ஆபீஸ் மில்பிடாஸில். வாரத்தில் நான்கு நாள் 680 ஹைவேயில் சுனோல் மேடு ஏறி இறங்கிப் போய்வர வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் அதற்கு மேல், நடுவில் எவனாவது மோதிக்கொண்டு நின்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பொங்கல் முடிந்த கையோடு அவர் நடு முதுகில் வலி என்றபோது யாருக்கும் ஆச்சரியமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு முதுகுவலி. கார் சீட்டுக்கு ஒரு மெத்தை வாங்கினோம். தைலம் தேய்த்தேன், வெந்நீர்ப் பை வைத்தேன். ஒரு மாதம் ஆகியும் வலி போகவில்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. "டயட் வேலை செய்யுது பாத்தியா" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருந்தது. கார் ஓட்டிய சூடு என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்தப் பதில்களைச் சொன்ன வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

டாக்டரிடம் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்த டாக்டரிடம்? இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகியும் அவருக்கென்று ஒரு டாக்டர் கிடையாது. எனக்கு உண்டு, பிரசவத்தோடு ஒட்டிக்கொண்டவர். பெண்ணுக்கு உண்டு, தடுப்பூசிச் சீட்டு இல்லாமல் ஸ்கூலில் சேர்க்க மாட்டார்கள். இவருக்கு ஒரு நாளும் தேவைப்படவில்லை. எங்களுக்கு ஒரு வழக்கம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போகும்போது ஏதாவது பெரிய ஆஸ்பத்திரியில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொள்வோம். வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்து, டிரெட்மில்லில் ஓடி, அவர்கள் கொடுக்கும் இட்லியும் பொங்கலும் சாப்பிட்டு, சாயங்காலம் கையில் ஒரு ஃபைலோடு வந்தால் அடுத்த பயணம் வரைக்கும் கவலை கிடையாது. இன்ஷூரன்ஸ் கட்டுவது இங்கே, உடம்பைக் காட்டுவது அங்கே. எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதி இப்படித்தான். யாருக்கு என்ன வந்தாலும் "ஜூலைல ஊருக்குப் போறோம்ல, அப்ப பாத்துக்கலாம்" என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நவக்கிரகம் சுற்றும்போது அவர் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அதைக் கோவிலுக்கு வரும் ஓர் ஆன்ட்டி பார்த்துவிட்டார். எனக்கு அவர் பல வருடப் பழக்கம். கோவில் சமையலறையில் புளியோதரை கட்டும் நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜை. கையை வீசிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா, உன் வீட்டுக்காரர் இப்பிடி நிக்கிறார்? நம்ம வீட்லயே டாக்டர் இருக்கும்போது எதுக்கு இவர் கஷ்டப்படணும்? என் பொண்ணு மில்பிடாஸ்ல சொந்தமா கிளினிக் வெச்சிருக்கா. முதுகுதான் அவ ஸ்பெஷல். அவ கைராசி அப்பிடி, தொட்டா போதும்."

ஆன்ட்டியின் மகள் டாக்டர் என்பது கோவிலில் துவாரபாலகருக்குக்கூடத் தெரியும். அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறார். கைராசி என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டால் நம் ஆட்கள் அதற்கு மேல் எதையும் விசாரிக்க மாட்டார்கள். நானும் விசாரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். அதுவும் அவர் ஆபீஸிலிருந்து பத்து நிமிடம்! இதைவிட என்ன வேண்டும்?

கிளினிக் சுத்தமாக, சின்னதாக இருந்தது. வாசல் போர்டில் 'கைரோபிராக்டிக்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதை நான் படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதுகு வைத்தியத்துக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் என்று நினைத்துக்கொண்டேன், குழந்தைகளுக்கு பீடியாட்ரிக்ஸ் என்பது போல. அவள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்', பின்னால் 'டி.சி.' என்று இருந்தது. நம் ஊர் போர்டுகளில் டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.ஆர்த்தோ என்று ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வரும். அதில் எந்தப் பெட்டி என்ன என்று நாம் என்றைக்குக் கேட்டோம்? பெட்டி நீளமாக இருந்தால் பெரிய டாக்டர். இதுவும் அப்படி ஒரு பெட்டி என்று விட்டுவிட்டேன்.

முன்மேஜையில் இருந்த பெண் ஃபாரம் கொடுத்தாள். பெயர், பிறந்த தேதி, அலர்ஜி, ஆபரேஷன் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் உங்கள் குடும்ப டாக்டர் யார், அவருடைய ஃபேக்ஸ் நம்பர் என்ன என்று கேட்டிருந்தது.

"இதுக்கு என்னங்க எழுதறது?"

"யாரும் இல்லன்னா காலியா விடேன்."

"காலியாவா? இல்லாதவங்கன்னு நினைப்பாங்க. இனிமே இவங்கதானே நமக்கு."

எதிரே கவுன்டரில் விசிட்டிங் கார்டு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்தேன். ஆன்ட்டி மகளின் பெயரையும் அதிலிருந்த ஃபேக்ஸ் நம்பரையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். அதற்குக் கீழே, இந்த டாக்டருக்கு உங்கள் விவரங்களை அனுப்பச் சம்மதமா என்று இரண்டு கட்டம். சம்மதம் என்பதில் டிக் அடித்தேன். ஃபேக்ஸ் நம்பரை இன்னொரு தடவை சரிபார்த்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

உள்ளே போனோம். முப்பது வயசுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் பெண். தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். நான் தமிழில் பேசினால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், நடுவில் 'ஆன்ட்டி' மட்டும் தமிழ்நாட்டு ஆன்ட்டி. ரொம்பப் பொறுமை. நிற்க வைத்து, குனிய வைத்து, காலைத் தூக்கச் சொல்லி, விரலால் ஒவ்வோர் எலும்பாகத் தொட்டுப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தாள். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டாள். இவர் எல்லாவற்றுக்கும் "நத்திங், நத்திங்" என்றார். தோள்பட்டையில் தசையை மட்டும் லேசாக அழுத்திவிட்டு அனுப்பினாள். அன்றைக்கு இரண்டு சப்பாத்தி கூடச் சாப்பிட்டார். கைராசிதான் என்று ஆன்ட்டிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

இரண்டாம் தடவை ஆபீஸிலிருந்து தனியாகப் போனார். திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு கையே வெக்கல. எக்ஸ்ரேல ஒரு எலும்பு சரியா இல்லயாம். சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல் வருதுன்னு நானும் சொல்லிட்டேன். ப்ளட் டெஸ்ட், எம்.ஆர்.ஐ. எல்லாம் சீக்கிரமா எடுக்கணுமாம். டாக்டருக்கு லெட்டர் அனுப்பறேன்னாங்க."

"எந்த டாக்டருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? ஸ்கேன் எடுக்கற டாக்டரா இருக்கும். கூப்பிடுவாங்க."

கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தோம். ஊராக இருந்தால் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், நாமே எதிர்த்த கட்டடத்து ஸ்கேன் சென்டருக்கு ஓடுவோம். இங்கே எல்லாம் அவர்களே அனுப்பி அவர்களே கூப்பிடுவார்கள் என்பது என் எண்ணம். ஒரு வாரம் ஆனது. அவளுக்கு போன் செய்யலாமா என்று ஒரு நாள் கையில் எடுத்தேன். டாக்டரை நச்சரிக்கக் கூடாது என்று வைத்துவிட்டேன். ஆன்ட்டியைக் கோவிலில் பார்த்து "லெட்டர் போட்டிருக்கா உங்க பொண்ணு" என்றேன். "அவ பாத்துப்பா" என்றார். இரண்டாம் வாரமும் போனது. மூன்றாவது வாரம் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். கேட்டதற்கு "படி வழுக்குது" என்றார். கார்ப்பெட் போட்ட படி அது.

ஒரு வியாழக்கிழமை காலை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். கராஜில் ஏதோ டப்பா எடுக்கப் போனவர் சமையலறைக்குள் வந்தார். இடது காலில் மட்டும் வீட்டுச் செருப்பு இருந்தது.

"இதென்ன கோலம், ஒத்தச் செருப்போட?"

குனிந்து பார்த்தார். வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எப்பக் கழண்டுச்சு?" என்றார்.

கராஜ் கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பு கிடந்தது. ஜில்லென்ற சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார், தெரியவில்லை. நான் சிரித்தேன். கடவுளே, நான் சிரித்தேன். "வயசாயிடுச்சு உங்களுக்கு" என்று சொல்லிச் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டேன். அதற்குள் காலை நுழைக்க அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு போன் வந்தது. ஆன்ட்டியின் மகள். முதல் நாளே போட்டு வைத்த அப்பாயின்ட்மென்ட் ஒன்று அவருக்கு அடுத்த வாரம் இருந்ததால் ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறாள். எம்.ஆர்.ஐ. என்ன சொன்னது என்று கேட்டாள்.

"இன்னும் யாரும் கூப்பிடலியேம்மா. நீ லெட்டர் போட்ட டாக்டர் கூப்பிடுவார்னுதான் காத்துக்கிட்டு இருக்கோம்."

"ஆன்ட்டி, அங்கிளோட டாக்டர் யாரு?" இதை மட்டும் தமிழில் கேட்டாள்.

"என்னம்மா இப்பிடிக் கேக்கற? நீதாம்மா."

பிறகு வந்த குரல் வேறு குரல். காலில் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா, நடக்கும்போது தடுமாறுகிறாரா, யூரின் ஒழுங்காகப் போகிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். செருப்பைச் சொன்னேன். "இப்பவே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. என் கிளினிக்குக்கு வராதீங்க. இப்பவே, ஆன்ட்டி" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அவள் அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது, ஏன் என்று புரியவில்லை.

எமர்ஜென்சியில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் முதல் கேள்வியாக அதையேதான் கேட்டார். இவருடைய டாக்டர் யார்? நான் பெயரைச் சொன்னேன், ஸ்பெல்லிங்கோடு. தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மேம், இவங்க கைரோபிராக்டர். நான் கேக்கறது டாக்டரை."

"டாக்டர்தாங்க அவங்க."

"இல்ல மேம். மெடிக்கல் டாக்டர்."

ஒரு மாதமாக ஒரு டாக்டர் கையில்தான் இவரை ஒப்படைத்திருக்கிறோம் என்று நான் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். யாரிடமும் ஒப்படைக்கவில்லை. இவருக்கு யாருமே இல்லை. காரிடாரிலிருந்து பெண்ணுக்கு போன் செய்தேன். ஆஸ்டினில் படிக்கிறாள். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். "அம்மா, ஷீ இஸ் எ கைரோபிராக்டர். எவ்ரிபடி நோஸ் தட் இஸ் டிஃபரன்ட்" என்றாள். அந்த எவ்ரிபடியில் நான் சேர்த்தியில்லை என்பது இருபது வருடம் கழித்து எனக்குத் தெரியவந்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நடு முதுகில் இரண்டு எலும்பு அரித்துப்போய், சீழ் கட்டி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. டி.பி.யாக இருக்கலாம் என்றார்கள். டி.பி.யா! எங்களுக்கா? இருமல்கூட இல்லையே! எலும்பிலும் வரும், எத்தனையோ வருடம் முன்னால் உடம்புக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்து இப்போது எழுந்திருக்கும் என்றார்கள். எங்கே யார் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கி வந்தாரோ. மறுநாள் காலையிலேயே ஆபரேஷன். அதற்கு முன்னால் சர்ஜன் வந்து காலைத் தூக்கச் சொன்னார். இடது கால் கொஞ்சம் எழும்பியது. வலது கால் அப்படியே கிடந்தது. "இவர் நடப்பாரா?" என்று கேட்டேன். "அழுத்தத்தை எடுக்கிறேன். மீதியை நரம்புதான் சொல்லணும்" என்றார். முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். அவர் ஆபரேஷனுக்கான சம்மத ஃபாரத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

ஆபரேஷன் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் எனக்கு உள்ளே கொதித்தது. யார்மேல் கொதிக்கலாம் என்று தேடினேன், அவள் கிடைத்தாள். டாக்டர் இல்லையென்றால் டாக்டர் என்று ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்? எக்ஸ்ரேயில் கோளாறு தெரிந்தும் மூன்று வாரம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்? சின்னப் பெண் என்று பார்க்கக் கூடாது, நறுக்கென்று நாலு கேள்வி கேட்டே ஆக வேண்டும். அவர் கண் விழித்து, வலிக்கு மருந்து ஏற்றித் தூங்க வைத்த மறுநாள், நானே காரை எடுத்துக்கொண்டு மில்பிடாஸுக்குப் போனேன். சுனோல் மேட்டில் வசனமெல்லாம் சத்தம் போட்டு ஒத்திகை பார்த்தேன்.

அவள் என்னைத் தனியறைக்குக் கூட்டிப்போனாள். கண் வீங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேஜைமேல் இரண்டு தாளை வைத்தாள்.

ஒன்று அவள் அனுப்பிய கடிதம். இரண்டாம் தடவை இவர் போன அன்றைக்கே எழுதியது. எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வலி, ஒரே எலும்பில் தட்டினால் வலி, எக்ஸ்ரேயில் சந்தேகம், தொற்றோ கட்டியோ என்று உடனே பார்க்க வேண்டும், அவசர எம்.ஆர்.ஐ. தேவை, நான் இவருக்கு மேற்கொண்டு சிகிச்சை செய்யப்போவதில்லை. எல்லாம் இருந்தது, அட்சரம் பிசகாமல். தலைப்பில் 'அவசரம்'. பெறுநர் என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

இன்னொரு தாள் நான் நிரப்பிய ஃபாரம்.

என் கையெழுத்தை நானே பார்த்தேன். எவ்வளவு அழகு. கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்து இல்லை. முன்மேஜைப் பெண் அதைப் பார்த்து அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறாள். அவள் கடிதத்தை எழுதி முடித்ததும் பெறுநர் பெயரைக் கம்ப்யூட்டரே அதிலிருந்து போட்டுக்கொள்ள, கடிதம் அந்த நம்பருக்குத்தான் போயிருக்கிறது, இந்த அறையிலிருந்து கிளம்பி இந்த அறைக்கே. ஊரெல்லாம் ரோபோ செய்கிற இந்த ஊரில் டாக்டர்கள் இன்னமும் ஃபேக்ஸில்தான் பேசிக்கொள்கிறார்கள். வந்து விழுந்ததை, நம் கிளினிக் கடிதத்தின் நகல்தானே என்று யாரோ அவர் ஃபைலிலேயே வைத்துவிட்டார்கள். மூன்று வாரம் அது அங்கே இருந்தது. நாங்கள் லிவர்மோரில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்க மேலயும் தப்பு, ஆன்ட்டி. யாருக்குப் போச்சுன்னு நான் பாத்திருக்கணும். நானே போன் பண்ணியிருக்கணும்" என்றாள். அவள் சொன்ன மற்றதையும் என் தமிழில் எழுதுகிறேன். அவள் காலேஜ் முடித்துவிட்டு, கைரோபிராக்டிக் என்ற, மருந்தில்லாமல் கையாலேயே முதுகெலும்பைச் சரிசெய்யும் வைத்தியத்துக்கான காலேஜில் தனியாக நான்கு வருடம் படித்திருக்கிறாள். உடற்கூறு, எலும்பு, நரம்பு, எக்ஸ்ரே எல்லாம் படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். 'டி.சி.' என்ற பட்டத்தின் பெயரிலேயே டாக்டர் உண்டு, அது திருட்டுத்தனம் இல்லை. ஆனால் எம்.டி. என்பவர்கள் மெடிக்கல் ஸ்கூலில் படித்து, அதற்குப் பிறகு ரெசிடென்சி என்று வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, எல்லா வியாதியையும் நோயாளியின் படுக்கை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். "நான் அதைப் பண்ணல. என்னால மாத்திரை எழுத முடியாது, ஆபரேஷன் பண்ண முடியாது. இது என் வேலை இல்லன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அங்கிளைப் பாத்ததும் அது தெரிஞ்சுது. அதனாலதான் கை வெக்கல" என்றாள்.

ஒத்திகை பார்த்த நாலு கேள்வியில் ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டுவந்தார். டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரே ஆரம்பித்தார்.

"நான் பொய் சொல்லலம்மா. அவ டிகிரியிலேயே டாக்டர்னு போட்டிருக்கு."

"தெரியும் ஆன்ட்டி."

"அவளுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கணும்னு நான் வேண்டாத தெய்வமில்ல. கிடைக்கல. அவளுக்கு அது வேண்டவும் இல்ல. ஒவ்வொரு தடவையும் சொல்லுவா, கைரோபிராக்டர்னு முழுசா சொல்லும்மான்னு. யாருக்குப்பா வாயில நுழையுது, எல்லாம் ஒண்ணுதான்னு விட்டுடுவேன்." டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தார். "நீ எம்.டி.ன்னு நினைச்சுக்கிட்டே பேசினது எனக்குத் தெரியும்மா. நல்லாத் தெரியும். கேக்க நல்லா இருந்துச்சு. சும்மா இருந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து கத்தியிருப்பேன். ஆனால் எனக்கும் அது கேட்க நன்றாகத்தானே இருந்தது? எங்களுக்கும் ஒரு டாக்டர் இருக்கிறார், நம்ம ஆள், நம்ம பெண் என்று எழுதியபோது என் கை எவ்வளவு சுகமாக ஓடியது! நான் ஆன்ட்டியை மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். ரசம் சாதத்தை வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மாத்திரை ஒரு வருடம் சாப்பிட வேண்டும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று மாவட்டச் சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு நர்ஸ் தினமும் போன் வீடியோவில் இவர் விழுங்குவதைப் பார்ப்பார். காய்ச்சல் போய்விட்டது, எடை ஏறுகிறது, பெல்ட் பழைய ஓட்டைக்கு வந்துவிட்டது. இடது கால் நன்றாகவே தேறியிருக்கிறது. வாக்கர் வைத்து வாசல் வரைக்கும் போகிறார். வலது கால்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வரும் என்கிறார்கள், எவ்வளவு வரும் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

போன வாரம் முதன்முறையாக இவருக்கென்று ஒரு குடும்ப டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் மறுபடி ஆபீஸ் போக ஆரம்பித்தால் பக்கமாக இருக்கட்டும் என்று மில்பிடாஸிலேயே பார்த்தோம். இன்டர்நெட்டில் லைசென்ஸ் நம்பரைத் தேடி, எங்கே படித்தார், எங்கே ரெசிடென்சி செய்தார் என்று ஜாதகம் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். ஆன்ட்டியின் மகள்தான் உட்கார்ந்து தேடிக் கொடுத்தாள். அவள் கிளினிக்கில் இப்போது ஃபாரத்தில் அந்தக் கட்டத்தை எழுத விடுவதில்லை, வாயால் கேட்டு எதிரிலேயே போன் போட்டுச் சரிபார்க்கிறார்கள்.

நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து நான் ஓட்டினால் அவர் பக்கத்துச் சீட்டில் சும்மா உட்கார்ந்ததே கிடையாது. முன்னால் எவனாவது பிரேக் போட்டால் போதும், இவர் வலது காலால் தரையை ஓங்கி மிதித்து, இல்லாத பிரேக்கைப் போட்டு, "பாத்து! பாத்து!" என்று கத்துவார். "நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டட்டுமா?" என்று நான் பதிலுக்குக் கத்துவேன். அந்தச் சண்டை நடக்காமல் நாங்கள் சுனோல் மேட்டைத் தாண்டியதே இல்லை.

அன்றைக்கு மேட்டிலிருந்து இறங்கும்போது முன்னால் போன டிரக் திடீரென்று நின்றது. நான் முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தினேன். பெல்ட் இழுத்துப் பிடித்தது, பின்சீட்டில் இருந்த ஃபைல் சரிந்து கீழே விழுந்தது. என்னையறியாமல் அவர் காலைத் திரும்பிப் பார்த்தேன். இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வலது கால் வைத்த இடத்திலேயே இருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் அந்த முழங்காலைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"நல்லாத்தான் ஓட்டற" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. டிரக் நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்குச் சாலை தெரியவில்லை.